தன் மனத்தை வேடிக்கை பார்த்தல்

தன் மனத்தில் எழும் எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் பிடித்து வைத்துக்கொள்ளாமலும் துரத்தியடிக்காமலும், சற்றே விலகி நின்று பார்த்துக்கொண்டிருப்பதை வேதாந்த நூல்கள் சாட்சி நிலை என்றும், பௌத்த நூல்கள் விழிப்பு என்றும், இக்கால உளவியல் மைண்ட்ஃபுல்னெஸ் என்றும் வழங்குகின்றன. பெயர்கள் வேறானாலும் செய்யவேண்டிய காரியம் ஒன்றே: கோபம் வந்தால் கோபக்காரராக இருப்பதோடு நில்லாமல், கோபம் வந்திருக்கிறது என்பதை அறிந்தவராகவும் இருக்க வேண்டும். இந்த வரையறை படிக்கும்போது மிக எளிதாகவும், படித்து முடித்துக் கண்ணை மூடியவுடன் வேறு யாருக்கோ எழுதப்பட்டதாகவும் தோன்றுவது, இத்துறையில் புதிதாக நுழைவோர் பலரும் கண்ட உண்மையாகும்.

இக்கலைக்கு வேண்டிய மூலத்திறமை தமிழ்நாட்டுத் தெருக்களில் குறைவின்றிக் கிடைக்கிறது என்பதை முதலிலேயே பதிவு செய்வது முறை. இரண்டு இருசக்கர வாகனங்கள் உரசிக்கொண்டு, ஓட்டியவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கும் தொலைவுக்கு வந்துவிட்டால், பேருந்துக்குக் காத்திருந்தவர், காய் வாங்க வந்தவர், அவசர வேலையாகப் போய்க்கொண்டிருந்தவர் என ஒரு கூட்டம் நொடியில் கூடி, எந்தப் பதற்றமும் இன்றி, ஒரு சொல்லையும் தவறவிடாமல், நிகழ்ச்சி முழுவதையும் பார்த்து முடிக்கிறது. முனிவர்கள் குகைக்குள் இருந்து பழகிய பற்றற்ற பார்வை ஏறக்குறைய இதுவே. இதிலுள்ள ஒரே குறை, வண்டி தன்னுடையது அல்லாதபோது மட்டுமே இப்பார்வை கைகூடுகிறது என்பதுதான். வண்டியும் தன்னுடையது, கிழிந்த சட்டையும் தன்னுடையது என்னும் நிலையிலும் அதே கூட்டத்தில் ஒருவராகக் கைகட்டி நிற்க முடியுமா என்பதே இந்நாட்டு ஞானிகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்துவந்த கேள்வி.

முன்னோர் கண்டவை

முண்டக உபநிடதம் ஒரே மரத்தில் அமர்ந்த இரண்டு பறவைகளைக் காட்டுகிறது. ஒன்று பழத்தைத் தின்கிறது, மற்றது தின்னாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. பழம் தின்னும் பறவை வினைப்பயனை நுகரும் உயிர் என்றும், பார்க்கும் பறவை நுகர்ச்சியில் படாத சாட்சி என்றும் உரைகாரர்கள் விளக்குவர். தமிழ்நாட்டுச் சைவ சித்தாந்தம் இவ்வளவு நம்பிக்கையோடு பேசுவதில்லை. உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகவே ஆகிவிடும் இயல்புடையது என்பது அதன் முடிபு; அதாவது, பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய பறவையை நம்பிப் பழத்தை அருகில் வைத்தால் பழம் மிஞ்சாது. பயிற்சியில் இறங்கியவர்களின் அனுபவம் இரண்டாம் கருத்துக்கே அதிகமாகச் சான்று தருகிறது.

பௌத்தர்கள் இதைத் தத்துவமாக விட்டுவைக்காமல் பாடத்திட்டமாகவே வகுத்தார்கள். மஜ்ஜிம நிகாயம் என்னும் தொகுப்பில் பத்தாவதாக வைக்கப்பட்டுள்ள சதிபட்டான சுத்தம் என்னும் நூல், உடல், நுகர்ச்சி, சித்தம், தம்மம் என்னும் நான்கையும் கவனிக்கச் சொல்கிறது. நுகர்ச்சி என்பது எந்த அனுபவத்திலும் உடனே தோன்றும் சுவை. அது இன்பமாக இருக்கலாம், துன்பமாக இருக்கலாம், இரண்டும் அல்லாததாகவும் இருக்கலாம். சினம் உள்ள சித்தத்தைச் சினம் உள்ள சித்தம் என்றும், சினம் இல்லாத சித்தத்தைச் சினம் இல்லாத சித்தம் என்றும் அறிந்தால் போதும் என்கிற இந்நூல், அந்தச் சினத்துக்காகச் சித்தத்தைத் திட்டவேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. இதை ஏழு ஆண்டு பழகினால் பயன் உறுதி என்று தொடங்கிப் பிறகு ஆறு, ஐந்து என்று இறங்கி, கடைசியில் ஏழு நாளே போதும் என்று முடிக்கும் தாராளமான தள்ளுபடியும் இதில் உண்டு. முதல் நாளிலேயே பயன் எதிர்பார்ப்போருக்கு மட்டும் இந்நூல் வழிசெய்யவில்லை.

இக்கலை இருபதாம் நூற்றாண்டில் இல்லறத்தாரிடம் பரவியதற்குப் பர்மா ஒரு பெருங்காரணம். மகாசி சயாதோ (1904–1982) என்னும் துறவி, மூச்சு விடும்போது வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனித்து, இடையில் எண்ணம் வந்தால் 'நினைக்கிறது' என்றும், ஓசை வந்தால் 'கேட்கிறது' என்றும் மனத்துக்குள் பெயரிட்டுவிட்டு மீண்டும் வயிற்றுக்குத் திரும்பும் முறையைப் பரப்பினார். மற்றொருவர் ஊ பா கின் (1899–1971). இவர் துறவி அல்லர். 1948ஆம் ஆண்டு பர்மா விடுதலை பெற்றபோது அந்நாட்டின் முதல் தலைமைக் கணக்காயராகப் பொறுப்பேற்றவர், தம் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் கற்பித்தவர். ஒரு நாட்டின் வரவு செலவை எந்தப் பற்றும் இல்லாமல் பார்க்கப் பழகிய ஒருவர், உடலில் வந்துபோகும் உணர்ச்சிகளையும் அவ்வாறே பார்க்கக் கற்றுக்கொடுத்தார் என்பது பொருத்தமே. அரசு அலுவலகத்தில் கண்ணை மூடி அமர்ந்திருப்பதற்கு ஆன்மிகப் பயன் உண்டு என்று நிலைநாட்டிய பெருமையும் அவருக்கே உரியது.

மண்டலேயில் பிறந்த வணிகர் எஸ். என். கோயங்கா (1924–2013) ஒற்றைத் தலைவலிக்கு மருந்து தேடி அவரிடம் வந்தார். தலைவலிக்காகத் தியானம் கற்பிப்பதில்லை என்று முதலில் மறுக்கப்பட்டு, பிறகு முறையாகக் கற்று, 1969ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து பத்து நாள் முகாம்களை நடத்தத் தொடங்கினார். மகாராஷ்டிரத்து இகத்புரியில் தொடங்கிய மையத்தின் வழியில் சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்திலும் ஒரு மையம் இன்று நடக்கிறது. அதிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். பேச்சும் கைபேசியும் கிடையா. முதல் மூன்று நாள்களும் மூக்கு நுனிக்கு அருகே மூச்சு வந்துபோவதைப் பார்ப்பதிலேயே கழியும். பத்து நாள் மௌனம் காத்துத் திரும்பியவர்கள் அம்மௌனத்தைப் பற்றி எத்தனை நாள் பேசுவார்கள் என்பதை உறவினர்கள் அறிவர்.

அமெரிக்காவில் ஜான் கபட்-ஜின் 1979ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் இதையே சமயச் சாயல் நீக்கி, நாள்பட்ட வலியும் மன அழுத்தமும் உள்ளவர்களுக்கான எட்டு வாரப் பயிற்சியாக அமைத்தார். அப்பயிற்சியின் தொடக்கத்தில் ஒரே ஒரு உலர்ந்த திராட்சை தரப்படும். அதை உற்றுப் பார்த்து, விரலால் உருட்டி, முகர்ந்து, காதருகே வைத்தும் கேட்டு, நாக்கில் நெடுநேரம் வைத்திருந்து, பிறகே மெல்ல வேண்டும். பாயசத்தில் முந்திரியோடு சேர்ந்து, எப்போது வந்தோம் எப்போது போனோம் என்று தெரியாமல் தொண்டையில் இறங்கிவந்த திராட்சைக்கு இப்படியொரு மதிப்பு முன்னெப்போதும் கிடைத்ததில்லை.

ஆய்வுப் பொருள்

மனத்தை ஆராய்வோருக்குள்ள பெரிய இடர்ப்பாடு, பிறர் மனம் பார்வைக்குக் கிடைப்பதில்லை என்பதாகும். ஆகவே இக்கட்டுரைக்கு ஒரே ஒரு மனம்தான் ஆய்வுப் பொருளாகக் கிடைத்தது, அது கட்டுரையாளருடையது. நடுநிலை கருதி, அம்மனத்துக்குச் சொந்தக்காரர் இனி 'உரியவர்' என்று மட்டும் குறிக்கப்படுவார். நடுவயதைக் கடந்தவர், சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் வசிப்பவர், சம்மணமிட்டு அமர்ந்தால் எழுப்பிவிட இன்னொருவர் வேண்டும் என்பதால், பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து விடியற்காலையில் தம் மனத்தைப் பார்த்து வருபவர்.

மனத்தின் உறுப்புகளைச் சைவ சித்தாந்தம் அந்தக்கரணம், அதாவது உட்கருவி என்று பெயரிட்டு நான்காக வகுக்கிறது: நினைவு கூர்வது சித்தம், இதுவோ அதுவோ என்று ஐயுறுவது மனம், முனைந்து எழுவது அகங்காரம், முடிவு செய்வது புத்தி. இந்நான்கும் இயங்கும் ஒழுங்கை உரியவரிடம் தெளிவாகக் காணலாம். கண்ணை மூடி அமர்ந்திருக்கும்போது அழைப்பு மணி ஒலிக்கிறது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று சித்தம் நினைக்கிறது. பால்காரரா, குப்பை எடுப்பவரா என்று மனம் ஐயுறுகிறது. தியானத்தில் இருப்பவரா எழுந்துபோய்க் கதவைத் திறப்பது என்று அகங்காரம் முனைகிறது. மனைவி திறந்துகொள்வார் என்று புத்தி முடிவு செய்கிறது. நான்கு கருவிகளும் இவ்வளவு விரைவாகவும் ஒற்றுமையாகவும் வேலை செய்வது வேறு சந்தர்ப்பங்களில் அரிது.

எண்ணங்களின் வகைகள்

உரியவர் மனத்தில் வந்துபோகும் எண்ணங்களை ஐந்து வகையுள் அடக்கலாம். முதலாவது வரவு செலவு எண்ணங்கள். காலி சிலிண்டருக்குப் பதிவு செய்தாயிற்றா, இரண்டு மாத மின் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டியிருக்குமா, தாண்டியிருந்தால் அதற்குக் காரணம் யார் அறையில் ஓடும் ஏ.சி. என்பன போன்றவை இவ்வகையைச் சாரும். இவற்றைப் பற்றின்றிப் பார்ப்பது கடினம் அன்று. ஆனால் பார்த்து முடித்தபின் எழுந்துபோய் மீட்டரையும் பார்த்துவிட்டு வந்தால்தான் மூச்சு மூக்கு நுனிக்குத் திரும்புகிறது.

இரண்டாவது, காலம் தாழ்ந்த மறுமொழிகள். என்றோ ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்து இலையில் அமர்ந்திருந்த ஒரு பெரியவர், "என்ன மாப்ளே, இன்னும் வாடகை வீடுதானா?" என்று நாலு பேர் கேட்கக் கேட்டார். அன்று அதற்கு விடையாக ஓர் அசட்டுச் சிரிப்பும், ரசம் ஊற்றுபவரை அழைக்கும் கையசைப்பும் மட்டுமே தரப்பட்டன. உரிய மறுமொழி மறுநாள் தோன்றியது. அதற்குப் பின்னர் ஆண்டுக்காண்டு செதுக்கப்பட்டு, இன்று ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ இடமில்லாத அளவுக்குச் செம்மை அடைந்திருக்கிறது. கேட்டவர் காலமாகிவிட்டார், உரியவர் சொந்த வீட்டுக்கும் குடிவந்துவிட்டார். இருந்தும் அந்த மறுமொழி ஒவ்வொரு விடியற்காலையும் தவறாமல் வந்து, அரங்கேற ஒரு வாய்ப்புக் கேட்கிறது.

மூன்றாவது, ஒத்திகை எண்ணங்கள். இவை இனி நடக்கப்போகும் உரையாடல்களை முன்கூட்டியே நடத்திப் பார்ப்பவை. குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் வண்டி நிறுத்துமிடம் குறித்துப் பேசவேண்டிய பேச்சு இதில் அடிக்கடி இடம்பெறுகிறது. உரியவரின் பங்கு, செயலாளரின் பங்கு இரண்டையும் ஒரே மனம் ஏற்று நடத்துவதால் செயலாளர் ஒவ்வொரு முறையும் வாயடைத்து நிற்கிறார். உண்மையான செயலாளருக்கு இந்த வசனங்கள் எழுதித் தரப்படாதது மட்டுமே நேரில் முடிவு வேறாக அமைவதற்குக் காரணம். நான்காவது, பாட்டுத் துண்டுகள். சோப்புத்தூள் விளம்பரத்தின் ஈற்றடியோ, பிடிக்காத ஒரு படப் பாட்டின் பல்லவியோ, அழைக்காமல் வந்து, சரணத்துக்குப் போகாமல், தொடங்கிய இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஐந்தாவது வகை பாராட்டு விழா எண்ணங்கள். இன்று மனம் நன்றாக அடங்கியது என்று மனமே எழுந்து நின்று மனத்துக்குப் பொன்னாடை போர்த்துவது. முதல் நான்கையும் கண்டுபிடிப்பவர்கள்கூட ஐந்தாவதில் ஏமாந்துவிடுவது வழக்கம், அது எண்ணமாக வராமல் முடிவாக வந்து நிற்பதால்.

இவையெல்லாம் உரியவருக்கு மட்டும் உரிய குறைபாடுகள் அல்ல என்பதற்கு ஆதாரம் உண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரைக் கைபேசி வழியாக எதிர்பாராத நேரங்களில் நிறுத்தி, என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டதில், ஏறத்தாழ 47 விழுக்காட்டு நேரம் அவர்கள் மனம் செய்யும் வேலையில் இல்லை என்று தெரியவந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்து மார்கஸ் ரெய்க்கல் 2001இல் விளக்கிய வேறொரு செய்தியும் உண்டு: குறிப்பிட்ட வேலை எதுவும் தராமல் சும்மா விடப்பட்ட மூளை ஓய்ந்துவிடுவதில்லை, அப்போது சில பகுதிகள் சேர்ந்து இன்னும் மும்முரமாக இயங்குகின்றன. தன்னைப் பற்றிய நினைவுகளிலும் வருங்காலக் கற்பனைகளிலும் ஈடுபடும் இப்பகுதிகளே கல்யாணப் பந்தியையும் சங்கக் கூட்டத்தையும் விடியற்காலையில் ஒன்று சேர்ப்பவை என்று கொள்வதில் தவறில்லை.

துரத்துவதால் வரும் தொல்லை

வேண்டாத எண்ணத்தை விரட்டிவிடுவதே எளிய வழி எனப் பலரும் கருதுவர். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொல்லிவைத்த தமிழர், இவ்வழியில் உள்ள பள்ளத்தை நெடுங்காலத்துக்கு முன்பே கண்டவர்கள். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் குரங்கின் இடத்தில் வெள்ளைக் கரடியை வைத்து இதைச் சோதித்தார். வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியடிக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லப்பட்டது, மணி ஓயவில்லை. பிறகு கரடியைத் தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முன்பு அடக்கியவர்கள், தொடக்கம் முதலே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட அதிகமாக அதை நினைத்தார்கள். நினைக்காமல் இருக்கிறோமா என்று சோதிக்க ஒரு காவல் வேண்டும். அந்தக் காவல் தன் கடமையைச் செய்ய, எதை நினைக்கக் கூடாதோ அதையே நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதே இதன் காரணம். உரியவர் ஒரு வாரம் செயலாளரை நினைப்பதில்லை என்று உறுதி பூண்டபோது, செயலாளர் பால்கனியில் கிட்டத்தட்ட நிரந்தரமாகக் குடியேறிவிட்டார்.

சரி, எண்ணங்களே வேண்டாம், வெறுமனே இருந்துவிடலாம் என்றாலும் மனிதர்களால் இயலுவதில்லை. விர்ஜீனியா பல்கலைக்கழகத்து திமோதி வில்சனும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சிலர் ஒரு வெற்று அறையில் கால் மணி நேரம் தம் எண்ணங்களோடு தனியே விடப்பட்டனர். பொழுதுபோக்குக்கு அங்கிருந்தது ஒரு பொத்தான் மட்டுமே. அழுத்தினால் மின்னதிர்ச்சி தரும். அந்த அதிர்ச்சியை முன்பே பட்டுப் பார்த்து, மறுபடியும் படாமலிருக்கப் பணம்கூடத் தருவோம் என்று சொன்னவர்களிலேயே, 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அதைத் தாமே அழுத்திக்கொண்டனர். ஒருவர் 190 முறை அழுத்தினார். மனத்தோடு தனித்திருப்பதைவிட மின்சாரம் தேவலை என்று கருதும் இவ்வுலகில், கைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டு மட்டும் வைப்பவர்களை ஓரளவு ஞானிகள் என்றே சொல்ல வேண்டும்.

பெயரிடுதல்

விரட்டவும் கூடாது, ஒட்டவும் கூடாது என்றால் எஞ்சும் வழி, மகாசி சயாதோ சொன்னவாறு வந்ததற்குப் பெயர் சொல்லிவிட்டு விடுவது. இதற்கு ஆய்வுச் சான்றும் கிடைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் மாத்யூ லீபர்மன் 2007இல் வெளியிட்ட சோதனையில், கோபமும் அச்சமும் தெரியும் முகப்படங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்கு உரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, அமிக்டலா என்னும் மூளைப் பகுதியின் கொதிப்புக் குறைந்தது. உணர்ச்சிகளுக்குப் பெயரிடுவதில் தமிழுக்கு முன் அனுபவம் நிறையவே உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று குறித்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன்களை நான்கு நான்காக எண்ணி, 32 என்று கணக்கையும் முடித்துவைத்திருக்கிறது.

உரியவர் பெயரிடும்போது ஏற்படும் சிக்கல், பெயர் ஒரு சொல்லோடு நிற்காமை. கீழ்த்தளத்துக்காரர் கார் வாசலை மறித்து நிற்பதைக் கண்டு கோபம் எழுகிறது. 'கோபம்' என்று முறைப்படி பெயரிடப்படுகிறது. அது போதாதென்று தோன்றி, 'நியாயமான கோபம்' என்று திருத்தப்படுகிறது. சற்று நேரத்தில் அது, 'பலமுறை சொல்லியும் கேளாமல் பொது வழியில் வண்டியை நிறுத்துகிறவர் மீது, மானமுள்ள எவருக்கும் வரக்கூடிய, உண்மையில் இதைவிடப் பெரிதாக வந்திருக்க வேண்டிய கோபம்' என்று வளர்ந்து குற்றப்பத்திரிகையாகிவிடுகிறது. வெகுளிக்குத் தொல்காப்பியம் சொல்லும் நிலைக்களன்கள் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பன; அதாவது உறுப்பைச் சிதைத்தல், குடியைக் கெடுத்தல், அலைக்கழித்தல், கொல்லுதல். வாசலில் கார் நிறுத்துவது இந்நான்கில் எதில் அடங்கும் என்று தேடத் தொடங்கிய உரியவர், அலைக்கழித்தல் என்பதில் அதைச் சேர்த்துத் தம் கோபத்துக்கு இலக்கணச் சான்றும் பெற்றுவிட்டார். பெயரிடுவது கொதிப்பைத் தணிக்கும் என்ற முடிவு, பெயரோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும் போலும்.

சாட்சி பிறழ்தல்

இங்கேதான் இக்கலையின் மையச் சிக்கல் தலைகாட்டுகிறது. தெருச்சண்டையைப் பார்க்கும் கூட்டத்திலும், தொடக்கத்தில் வெறுமனே நின்றவர் சிறிது நேரத்தில் 'தப்பு அந்தப் பச்சைச் சட்டைக்காரர் மேலதான்' என்று தீர்ப்புச் சொல்கிறார்; பிறகு இருவரையும் விலக்கிவிடப் போகிறார்; கடைசியில் அவர் சட்டையும் கிழிகிறது. மனத்துக்குள் நிற்கும் சாட்சியும் இவ்வழியே போகிறது. எண்ணத்தைப் பார்ப்பவர் முதலில் நீதிபதியாகி, இப்படியெல்லாம் நினைக்கலாமா என்று கடிகிறார். பிறகு செய்தியாளராகி, இன்று கண்டதை யாரிடம் எப்படிச் சொல்லலாம் என்று தலைப்பிடுகிறார். இறுதியில் தாமே கட்சிக்காரராகி, மற்றவர்கள் தம் கோபத்தைக்கூட அறியாதவர்கள் என்று கோபம் கொள்கிறார். பற்றற்றவர் என்னும் பெயரின் மேல் கொள்ளும் பற்று, சொந்த வீட்டின் மேல் கொள்ளும் பற்றைவிட உறுதியானது. வீட்டையாவது விற்க முடியும்.

அப்படியானால் பார்ப்பவரைப் பார்க்க இன்னொருவர் வேண்டும், அவரைப் பார்க்க மற்றொருவர் வேண்டும் என்று இச்சங்கிலி முடிவின்றி நீளும். இதை ஒரே கேள்வியால் அறுக்கலாம் என்று காட்டியவர் திருவண்ணாமலை ரமண மகரிஷி (1879–1950). 1902ஆம் ஆண்டு, வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் கேட்ட கேள்விகளுக்கு, அப்போது பேசாதிருந்த அவர் எழுதிக் காட்டிய விடைகளே பின்னர் 'நான் யார்?' என்னும் சிறுநூலாயின. எண்ணத்தின் பின்னே ஓடாமல், இது யாருக்குத் தோன்றியது என்று விசாரித்து, விசாரிப்பவரின் மூலத்தையே தேடும் முறை இது. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று நாள்தோறும் கேட்கும் துறையைச் சேர்ந்தவர் இக்கேள்வியை எழுப்பியது இயல்பே. உரியவரும் இதை முயன்றதுண்டு. இக்கோபம் யாருக்கு வந்தது என்று கேட்டதும், வீட்டு வரியைத் தவறாமல் கட்டிவரும், முதல் தவணையிலேயே பராமரிப்புத் தொகை செலுத்திய இரண்டாம் தள உரிமையாளருக்கு வந்தது என்று விடை உடனே வந்துவிட்டதால், விசாரணையை மேலே கொண்டுசெல்ல முடியவில்லை.

வீட்டார் கருத்து

ஒருவர் மனத்தின் முன்னேற்றத்தை அளக்க அவரது சொந்த அறிக்கை போதாது. உடன் வாழ்வோரின் சாட்சியமும் வேண்டும். உரியவர் கண்மூடி, வரும் ஓசை, போகும் எண்ணம், எழும் மூச்சு ஆகிய அனைத்தையும் கவனித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அடுக்களையிலிருந்து வந்த கேள்வி, "என்னங்க, குக்கர் எத்தனை விசில் வந்துச்சு?" என்பது. உரியவரிடம் விடை இல்லை. எல்லாவற்றையும் கவனித்தவர் அதை மட்டும் கவனிக்கவில்லை என்பது அன்றைய பருப்பைப் பார்த்த எவருக்கும் விளங்கியது. "அப்ப இவ்வளவு நேரம் என்னத்தக் கவனிச்சீங்க?" என்னும் அடுத்த கேள்விக்கு உபநிடதங்களிலும் நேரடியான விடை காணப்படவில்லை.

ஆனாலும் வீட்டார் ஒரு மாற்றத்தை மறுக்கவில்லை. முன்பெல்லாம் சுடுசொல் ஒன்று காதில் விழுவதற்கும், அதைவிடச் சூடான சொல் வாயிலிருந்து புறப்படுவதற்கும் இடைவெளியே இருந்ததில்லை. இப்போது ஒரு மூச்சளவு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் உரியவர் ஞானம் எதையும் பெறுவதில்லை. சொல்லப்போகும் சொல்லை ஒருமுறை தாமே கேட்டுவிடுகிறார். கேட்டபின் பெரும்பாலும் அது சொல்லத் தகுந்ததாகத் தெரிவதில்லை. பத்தாண்டுக்கால மறுமொழிகளைச் சேர்த்துவைத்தவர் ஒன்றை விழுங்குகிறார் என்றால் அது சிறிய வெற்றி அன்று. நுகர்ச்சி தோன்றும் இடத்துக்கும் அதைப் பற்றிக்கொண்டு செயலில் இறங்கும் இடத்துக்கும் நடுவே சற்றுத் தாமதிக்க வைப்பதே பௌத்தப் பாடத்தின் நோக்கம் என்பதால், விழுங்கப்பட்ட சொல் ஒவ்வொன்றும் பாடத்திட்டத்துக்கு உட்பட்டதே.

முடிபு

சாட்சி பிறழாமல் இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. அதற்கும் மெய்ப்பாட்டியலே துணை. தன் மனத்தைப் பார்த்துப் பெருமிதம் வந்தால், பார்ப்பவர் இன்னும் பார்க்கப்படுவதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறார். இளிவரல், அதாவது தன்னைத் தாழ்வாகக் கருதும் கூச்சம் வந்தாலும் ஒட்டுத்தான். நகை வந்தால் மட்டுமே விலகல் உண்மை. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்கள் சொல்லப்பட்டுள்ளன. அவை பிறரிடம் மட்டுமன்றித் தன்னிடத்தும் தோன்றும் என்று உரையாசிரியர்கள் விரித்திருக்கிறார்கள். காலமானவருக்கு மறுமொழி செதுக்குவது பேதைமை. ஒருமுறை கொண்ட கருத்தை விடாது பிடித்துக்கொண்டு செயலாளரைத் தினமும் தோற்கடிப்பது மடன். மின் கணக்கில் ஒரு யூனிட் குறைந்தால் குதூகலிப்பது இளமை. இம்மூன்றையும் செய்துகொண்டே பற்றற்றவர் என்ற பெயருக்கு ஆசைப்படுவதைப் பார்த்தால் எள்ளல் தானாக வரும். இந்நான்கையும் ஒரே காலையில், ஒரே நாற்காலியில் அமர்ந்து, செலவின்றிப் பெறக்கூடிய இடம் தன் மனம் ஒன்றே. பிறர் அறியாமையைக் கண்டு சிரிக்கப் பயிற்சி வேண்டாம். தன்னுடையதைக் கண்டு, கடியாமலும் மறைக்காமலும் சிரிப்பதற்கு மட்டுமே இத்தனை நூல்களும் முகாம்களும் வேண்டியிருக்கின்றன.

இந்நகை வாய்க்குள் நிற்பது நலம் என்பதையும் பயில்வோர் நினைவில் கொள்ளவேண்டும். அண்மையில் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் வண்டி நிறுத்துமிடம் குறித்துச் செயலாளர் நெடுநேரம் பேசியபோது, உரியவரிடம் கோபம் எழுந்தது. அது கோபம் என்று ஒரு சொல்லில் அறியப்பட்டது. நெடுநாள் ஒத்திகை பார்த்த வசனம் எழுந்தது, அதுவும் அறியப்பட்டது. அந்த வசனத்துக்கு விடையாக, இதுவரை எந்த ஒத்திகையிலும் வாராத நல்ல காரணம் ஒன்றைச் செயலாளர் தாமே சொல்லிவிட்டதைக் கண்டதும் சிரிப்பு எழுந்தது. அதுவும் அறியப்பட்டது, ஆனால் அறியப்படுவதற்கு முன்பே வெளியேறிவிட்டது. என்ன சார் சிரிக்கிறீங்க என்று கூட்டமே திரும்பிப் பார்த்துக் கேட்டதற்குச் சாட்சி நிலை, நான்கு நிலைக்களன்கள் என்றெல்லாம் விளக்கம் தரப்படவில்லை. எவ்வளவு உயர்ந்த பற்றற்ற நகையானாலும், கூட்டத்தில் சிரித்தவரே அடுத்த ஆண்டுக்குப் பொருளாளர் என்பது அச்சங்கத்தின் எழுதப்படாத விதி.